ஸ்பிளிட்டிங் மெஷினும் பாயின் காதும்

ஆம்பூரில் பெல்ட்டும் பர்ஸும் செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. நான்கு பேர், இரண்டு தையல் மெஷின், ஓரம் சீவ ஒரு ஸ்கைவிங் மெஷின். தோலைப் பிளந்து கனம் குறைக்கிற வேலையை மட்டும் ரொம்ப நாள் வெளியே கூலிக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். ஊரில் ஸ்பிளிட்டிங் மெஷினுக்கா பஞ்சம்?

அந்தப் பழக்கத்தை உடைத்தது ஒரு 200 பெல்ட் ஆர்டர். மேலே 1.8 எம்எம் எருமைத் தோல், அடியில் 1.4 எம்எம், இரண்டையும் ஒட்டித் தைக்க வேண்டும். பிளந்து வந்த தோலை நான் கேஜ் வைத்து அளக்கவே இல்லை. வந்ததை வெட்டினோம், ஒட்டினோம், தைத்தோம். கடைசியில் ஓரத்துக்கு மை போடும்போது பட்டறைப் பையன் இரண்டு பெல்ட்டைச் சேர்த்துப் பிடித்து, "அண்ணா, இதப் பாருங்க" என்றான். ஒன்று தடியாக இருந்தது, ஒன்று ஒல்லியாக இருந்தது. மிச்சமிருந்த தோலை அப்போதுதான் அளந்தேன். இடது ஓரம் 1.8, வலது ஓரம் 1.5. நாற்பது பெல்ட் திரும்பி வந்தது. பிளந்து கொடுத்தவரிடம் போய்க் கேட்டால், "தோலே அப்படிப்பா" என்கிறார். தோல் எப்படி இருந்தாலும் ஒரே கனத்துக்குக் கொண்டுவரத்தானே கூலி கொடுக்கிறோம்? சண்டை போட்டு என்ன பிரயோஜனம், திரும்பி வந்துவிட்டேன்.

நாமே ஒரு மெஷின் வாங்கினால் என்ன என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கைவிங் என்றால் மடித்துத் தைப்பதற்காக ஓரத்தை மட்டும் சீவுவது. ஸ்பிளிட்டிங் என்றால் தோலை முழுசாகக் குறுக்கே பிளந்து இரண்டு ஏடாக்குவது. மேலே வருவது கிரெயின், நாம் விற்கிற முகம். கீழே விழுவது சதைப் பக்கத்து ஸ்பிளிட். அது கனமாக இருந்தால் ஸ்வீடு, கையுறை என்று வேறு வேலைக்குப் போகும், மெல்லிசாக இருந்தால் குப்பை. ஸ்கைவிங், ஸ்பிளிட்டிங் இரண்டுக்கும் வேறு வேறு மெஷின். ஸ்கைவிங் மெஷினை வைத்துக்கொண்டு மூன்று நான்கு தடவை ஓட்டி முழுத் தோலையும் மெலிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. நானும் பார்த்தேன். வரப்பு வரப்பாக வயல் மாதிரிதான் வரும்.

முதலில் வாங்கியது கையால் இழுக்கிற ஸ்பிளிட்டர். தொழிலை விட்ட ஒரு செருப்புக் கடைக்காரரிடமிருந்து பழசாக வந்தது. ஆறு அங்குல அகலம், வார்ப்பிரும்பு உடம்பு. நேரான பிளேடு ஒன்று அசையாமல் நிற்கும். அதற்கு எதிரே ஒரு ரோலர். நெம்புகோலை நகர்த்தினால் ரோலருக்கும் பிளேடுக்கும் நடுவே இருக்கிற சந்து கூடும், குறையும். தோலின் கிரெயின் பக்கம் ரோலரைப் பார்க்கிற மாதிரி நுழைத்து, நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. பெல்ட் வாரின் பக்கிள் மடிப்பை மட்டும் பாதியாகக் குறைக்க இதைவிட நல்ல சாதனம் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனால் பிளேடு கூர்மையாக இருந்தால்தான். மழுங்கிவிட்டால் தோல் பாதியில் நிற்கும். நாம் காலை உதைத்து இழுப்போம். அது வெடுக்கென்று வரும். கை போய் எதிலாவது மோதும். தோலோ நீண்டுபோய் அளவு மாறியிருக்கும். வயிற்றுப் பக்கத்துத் தோலாக இருந்தால் கிரெயினே கிழிந்து இரண்டாகும். மழுங்கிய பிளேடுதான் ஆபத்து என்று சொல்வார்கள். என் வலது முழங்கையில் அதற்கு அத்தாட்சி இருக்கிறது.

வாங்கிய மூன்றாம் வாரம் அந்தப் பிளேடைக் கெடுத்தேன். தோலைப் பலகையில் ஆணி அடித்துக் காயவைக்கிற இடங்கள் இன்னும் உண்டு. அப்படி வந்த ஒரு தோலின் ஓரத்தில் ஒடிந்த ஆணி முனை ஒன்று தங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. 'க்ரக்' என்று ஒரு சத்தம். பிளேடின் வாயில், அதாவது வெட்டுகிற ஓரத்தில், அரிசி முனை அளவுக்குப் பல் விழுந்துவிட்டது. அதன் பிறகு இழுத்த ஒவ்வொரு வாரிலும் அதே இடத்தில் நீளமாக ஒரு கோடு. நான் என்ன செய்தேன்? பக்கத்து வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷ வேலை என்று கொண்டுபோய்ப் பிடித்தேன். பல் போனது. கூடவே வாய் முழுக்க மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாரித்தது. அழகாகக்கூட இருந்தது.

அந்த நீலம் என்ன என்று சொன்னவர் பாய். எங்கள் தெரு முனையில் இருக்கிறார். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற ஆலையில், முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பிளிட்டிங் மெஷினில் நின்றவர். இடது காது சுத்தமாகக் கேட்காது, மெஷின் சத்தம் தின்றுவிட்டது. பிளேடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதம் போயிடுச்சு தம்பி. இனிமே இது வெங்காயம் நறுக்கத்தான்" என்றார். இரும்பு நீலமாவதற்குச் சுமார் 300 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் சாதாரணக் கத்தி எஃகின் கடினம் இறங்கிவிடும். எவ்வளவு தீட்டினாலும் பத்து வார் இழுப்பதற்குள் மறுபடி மழுங்கும். நான் நம்பாமல் ஒரு மாதம் தீட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் நடந்தது.

புதுப் பிளேடு வந்ததும் பாய் எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்து சாணை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் பிளேடின் சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசச் சொன்னார். பிறகு தண்ணீரில் நனைத்த கல்லில் இரண்டே தேய்ப்பு. மை எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் மட்டும் போயிருந்தால் கை தாழ்ந்திருக்கிறது. வாய்ப் பக்கம் மட்டும் போயிருந்தால் கை ஏறியிருக்கிறது. சரிவு முழுவதும் ஒன்றுபோல் மை அழிகிற வரை கையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நீளமான பிளேடைக் கையால் ஒரே சாய்வில் பிடிப்பது கஷ்டம் என்பதால், பிறகு ஒரு மரக்கட்டையைச் சாய்வாக இழைத்து அதில் பிளேடை இறுக்கிக்கொண்டேன். 400 நம்பர் கல் பல் விழுந்தால் மட்டும். தினசரிக்கு 1000, அதற்கு மேல் 3000. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மெல்லிசாகப் பிசிறு எழும்பும். விரல் நகத்தைப் பிளேடின் வாயிலிருந்து வெளியே இழுத்தால் தட்டும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பிசிறு தட்டினால்தான் கல் வாய் வரை போயிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் ஓர் இடத்தில் தட்டாவிட்டால் அங்கே இன்னும் மழுங்கல் இருக்கிறது. பெரும்பாலும் அவசரப்பட்டு இங்கேதான் விட்டுவிடுகிறோம்.

கடைசியில் பலகையில் ஒட்டிய தோல் துண்டில் பச்சைப் பசை தடவி இழுப்பது. தோல் பதனிடுவதும் குரோமியத்தில், அந்தப் பச்சையும் குரோமியம் ஆக்சைடுதான். குரோமியம் இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது போல. இருபது முப்பது வார் இழுத்ததும் இந்தத் தோல் பலகையில் ஐந்தாறு இழுப்பு இழுத்துவிட்டால் கல்லுக்குப் போக வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போகும். நான் இப்போதெல்லாம் டீ குடிக்க எழும்போதெல்லாம் இழுத்துவிடுவேன்.

கை ஸ்பிளிட்டரில் இரண்டு வருஷம் ஓட்டினோம். பர்ஸ் வேலை பெருகியதும் தாங்கவில்லை. பர்ஸுக்கு 1 எம்எம், உள் அறைகளுக்கு 0.7, 0.6 வேண்டும். அந்த மெல்லிசைக் கையால் ஒரே சீராக இழுக்க முடியாது. பேண்ட் நைஃப் மெஷின்தான் வழி. அதில் பிளேடு முனையில்லாத வளையம். பெரிய சக்கரங்கள் இரண்டில் மாட்டி பெல்ட் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ரோலர்கள் தோலை இழுத்து அதன் வாய்க்கு ஊட்டும். மேல் ரோலருக்கும் பிளேடுக்கும் உள்ள தூரம்தான் கிரெயினின் கனம். கீழ் ரோலர் வளையம் வளையமாக இருக்கும், ரப்பர் மேல் உட்கார்ந்து தோலின் மேடு பள்ளத்துக்கு விட்டுக்கொடுக்கும். மேடு பள்ளம் எல்லாம் கீழே சதைப் பக்கத்தோடு போய்விடும்.

ஷூ கம்பெனிகள் பழைய மெஷினைத் தள்ளும்போது விற்கிற ஆட்கள் எங்கள் பக்கம் நிறைய. இத்தாலிக் கமோகா, ஜெர்மனி ஃபார்ட்டுனா என்று பெயர் கேட்டாலே கை நீளும். புதுசாகச் சீனா, தைவான் மெஷின்களும் கிடைக்கும். நான் 520 எம்எம் அகலம் பார்த்து வைத்திருந்தேன். பெரிசாக வாங்கிவிட்டால் நாளைக்கு உதவும் என்ற நினைப்பு. பாய் கேட்டார்: "பெல்ட்டுக்கு அகலம் எதுக்கு தம்பி? நீளவாக்குல போகட்டும். பர்ஸை வெட்டிட்டுப் பொளக்கப் போற. முழுத் தோலைப் பொளக்கணும்னா ஒன்றரை மீட்டர், மூணு மீட்டர் மெஷின் இருக்கு ஷாப்ல. நடுவுல நிக்கிறதுக்கு எதுக்குக் காசு?" அகலம் கூடக் கூட இரண்டு முனையையும் ஒரே அளவில் நிறுத்துவது கஷ்டமாகும், பிளேடும் நீளமாகும், விலையும் ஏறும். 420-க்கு இறங்கினேன். இன்றுவரை 300 எம்எம் அகலத்துக்கு மேல் எந்தத் துண்டையும் நான் ஓட்டவில்லை.

மெஷின் பார்க்கப் போனபோது நான் மோட்டார், பெயிண்ட், ரோலர் எல்லாம் பார்த்தேன். பாய் கேட்டது ஒரே கேள்வி. "பிளேடு எத்தினி அகலம் இருக்கு?" விற்கிறவர் புதுப் பிளேடு என்றார். பேண்ட் நைஃப் ஓடும்போதே மெஷினுக்குள் இருக்கும் இரண்டு சாணைக்கல் மேலும் கீழும் அதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். தீட்டத் தீட்ட அகலம் குறையும். ஆகவே மிச்ச அகலமே அதன் வயசு. பாய் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுச் சிரித்தார். பாதி கூட இல்லை.

நீங்கள் பழைய மெஷின் பார்க்கப் போனால் உங்கள் தோலை நீங்களே கொண்டுபோங்கள். அவர்கள் காட்டுகிற தோல் அந்த மெஷினுக்குப் பழகிய தோல். நான் இரண்டு வகை கொண்டுபோனேன்: 4 எம்எம் கெட்டி எருமை, தொளதொளவென்று இருக்கும் மெல்லிசு ஆட்டுத் தோல். கெட்டித் தோல் எந்த மெஷினிலும் போகும். ஆட்டுத் தோல்தான் குட்டை உடைக்கும், பிளேடு மழுங்கியிருந்தால் வாயிலேயே சுருண்டுகொள்ளும். பிளந்ததை இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் கேஜ் வைத்துப் பாருங்கள். பிறகு அதே துண்டைப் பக்கம் மாற்றி ஓட்டுங்கள். மெல்லிசு எப்போதும் மெஷினின் ஒரே பக்கத்தில் விழுந்தால் ரோலர் சாய்ந்திருக்கிறது, அதைத் திருத்திவிடலாம். தாறுமாறாக விழுந்தால் பேரிங்கோ, பிளேடு ஓடும் கைடு தகடோ தேய்ந்திருக்கலாம். அதை விட்டுவிடுவது நல்லது. சாணைக்கல் எவ்வளவு மிச்சம், அதே அளவுக் கல் எங்கே கிடைக்கும், பிளேடின் நீளம் என்ன, அந்த நீளத்தில் ஊரில் யாரிடமாவது ஸ்டாக் இருக்கிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எங்களோடு பேரம் பேசிய இன்னொருவர் மலிவாக ஒரு மெஷின் எடுத்துப் போனார். பிளேடு வராமல் நான்கு மாதம் துணி போர்த்தி வைத்திருந்தார்.

மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். தரை சமமான சிமெண்ட்டாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதைப் பற்றி.

மெஷின் வந்த பிறகு உள்ளே இருக்கிற கல் தானே தீட்டிக்கொள்ளும், இனிமேல் நமக்கு வேலை இல்லை என்று நினைத்தேன். ஒரு நாள் டீ வாங்கிக்கொண்டு பாய் உள்ளே நுழைந்தார். நான் மெஷின் பக்கத்தில்தான் நிற்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் வாசலிலேயே நின்று, கேட்கிற காதை மெஷின் பக்கம் திருப்பி, "நிறுத்து, நிறுத்து. டிக் அடிக்குது" என்றார். மெஷினை நிறுத்திக் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தோம். பிளேடில் ஒட்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை. பிளேடு ஒரு முழுச் சுற்று வரும்போதெல்லாம் ஒரே தாளத்தில் டிக் கேட்டால் அது பிளேடில் இருக்கிற ஒரே இடம். ஒட்டாக இருக்கலாம், பல்லாக இருக்கலாம், விரிசலாக இருக்கலாம். எதுவானாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

விரிசலுக்குக் காரணமும் நான்தான். வெட்டு சரியாக வரவில்லை என்றால் கல்லை இன்னும் கொஞ்சம் அழுத்துவேன். தீப்பொறி பூவாணம் மாதிரிப் பறக்கும், நன்றாகத் தீட்டுகிறது என்று சந்தோஷம். உண்மையில் தோலில் இருக்கும் கொழுப்பும் எண்ணெயும் கல்லில் ஏறி அது பளபளவென்று மெழுகிப் போயிருந்தது. மெழுகிய கல் அறுக்காது, தேய்த்துச் சூடாக்கும். வெல்டிங் பட்டறையில் நான் செய்த அதே தப்பை மெஷினுக்குள் இன்னொரு தடவை செய்திருக்கிறேன். இப்போது வைர முனை வைத்த டிரஸ்ஸரால் கல்லின் மேல் படலத்தை அடிக்கடி லேசாகச் சீவிவிடுகிறேன். அதன் பிறகு கல் பிளேடைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். ஒன்றிரண்டு பொறி, அதுவும் பிளேடின் முழுச் சுற்றுக்கும் விட்டு விட்டு வராமல் ஒரே மாதிரி. பொறி விட்டு விட்டு வந்தால் பிளேடு அலைகிறது என்று பொருள். மேல் கல்லும் கீழ் கல்லும் ஒரே அளவு தொடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கல் அதிகமாகத் தின்றால் வாய் ஒரு பக்கம் ஏறி, 1 எம்எம் வைத்த இடத்தில் 1.1 வரும். ரோலரைத் திருகித் திருகி நான் அரை நாள் வீணாக்கியது அப்படி ஒரு நாளில்தான்.

இன்னொன்று, தீட்டத் தீட்ட வாய் பின்னால் போகிறதல்லவா, பிளேடை அவ்வப்போது முன்னால் தள்ளிக்கொடுக்க வேண்டும். ரோலர் தோலைக் கடிக்கிற இடத்துக்கும் பிளேடின் வாய்க்கும் தூரம் அதிகமானால் மெல்லிய தோல் நடுவில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். புது மெஷின்களில் தானே முன்னேறும். எங்களுடையதில் திருகு. வாரம் ஒரு முறை, சனிக்கிழமை.

தீ பற்றியும் சொல்லிவிட வேண்டும். தூள் உறிஞ்ச ஒரே ஒரு வேக்குவம், துணிப் பை. சாணைப் பொறியும் தோல் தூளும் ஒரே பைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் மெஷினை நிறுத்திக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், மயிர் கருகுகிற வாடை. பையைத் தொட்டால் சுடுகிறது. வெளியே இழுத்துப் போட்டு மண்ணைக் கொட்டினோம். கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால்? அன்றிலிருந்து கல்லுக்கு ஒரு குழாய், அதன் முனையில் தண்ணீர் ஊற்றிய டப்பா. தோல் தூளுக்குத் தனிப் பை, தினமும் காலி. குரோம் தோல் தூளை மட்டும் எங்கும் கொளுத்திவிடாதீர்கள். தோலில் இருக்கிற குரோமியம் அப்படியே இருந்தால் அவ்வளவு ஆபத்தில்லை, எரியும்போது ஆறாம் நிலைக் குரோமியமாக மாறலாம், அது விஷம்.

பட்டைத் தோல் பிளக்கிறவர்களுக்கு வேறொரு தொல்லை. வாட்டில் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலை லேசாக ஈரம் காட்டிப் பிளந்தால் மெத்தென்று போகும் என்று யாரோ சொல்லக் கேட்டுச் செய்தேன். மறுநாள் காலையில் தோல் முழுக்கக் கருநீலப் புள்ளி. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை, நம் தாத்தாக்கள் எழுதிய மையே அதுதானே. சாணையிலிருந்து பறந்த இரும்புத் தூள் ஈரத் தோலில் விழுந்து மையாகியிருக்கிறது. எலுமிச்சைச் சாறு தடவினால் புள்ளி மங்கும், முழுசாகப் போகும் என்று சொல்ல மாட்டேன். ஈரத் தோல் உப்பியிருப்பதால் கேஜில் வரும் அளவும் பொய், காய்ந்ததும் மெலியும். ஆகவே பட்டைத் தோல் காய்ந்தபடியே ஓடுகிறது, அதுவும் தீட்டி முடித்து மெஷினைத் துடைத்த பிறகு. வேலை முடிந்ததும் பிளேடில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துடைப்பு. மறுநாள் முதல் துண்டு கழிவுத் தோல், எண்ணெயை அது எடுத்துக்கொள்ளும்.

மெஷின் வந்த கர்வத்தில் நான் செய்த இன்னொரு முட்டாள்தனம், 4 எம்எம் தோலை மலிவாக வாங்கி 1 எம்எம்முக்குப் பிளந்து பர்ஸ் தைத்தது. தோலின் பலம் கிரெயினுக்குக் கீழே இருக்கிற நார் அடுக்கில் இருக்கிறது. அதில் முக்கால்வாசியைக் கீழே தள்ளிவிட்டால் மிஞ்சுவது முகம் மட்டும். மடிப்பில் ஆறு மாதத்தில் விண்டுவிட்டது. வேண்டிய கனத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தோலாக வாங்கி, கொஞ்சமாகப் பிளப்பதுதான் கணக்குக்கும் நல்லது, பிளேடுக்கும் நல்லது.

விரிசல் விட்ட அந்தப் பிளேடைக் காயலான் கடைக்குப் போடப் பார்த்தேன். பாய் விடவில்லை. கொண்டுபோய், தண்ணீரில் முக்கி முக்கி, சூடேறாமல் துண்டு போட்டு, பிடிக்குத் தோல் சுற்றி, சீவுகிற கத்தியாக ஆறு செய்துகொண்டு வந்தார். ஐந்து எங்கள் மேஜையில் கிடக்கிறது. ஆறாவதில் அவர் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்து, எங்கள் கழிவுத் தோலில் பேத்திக்குச் செருப்பு வார் சீவிக்கொண்டிருப்பார். மெஷின் ஓடும்போது கேட்கிற காது எப்போதும் அந்தப் பக்கம்தான்.